முதலில் கிளாஸை எடுங்கள்: சின்ன எஸ்பிரஸ்ஸோ வகைகள் போடும் விதம்

கல்யாண ரிசப்ஷனில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் ஒரு ஓரத்தில் பளபளவென்று ஒரு மெஷின் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு நிற்கும், ஒருவர் பாலை நுரை பொங்க அடித்து பேப்பர் கப்பில் ஊற்றி மேலே சாக்லேட் பவுடர் தூவிக் கொடுப்பார். இருபத்திரண்டு வயது வரை அதுதான் எஸ்பிரஸ்ஸோ என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அதற்கும் நிஜ எஸ்பிரஸ்ஸோவுக்கும் சம்பந்தம் அந்த ஆவி மட்டும்தான், கப்பின் அடியில் இருப்பது இன்ஸ்டன்ட் தூள். குறை சொல்லவில்லை, இன்றைக்கும் கிடைத்தால் இரண்டு கப் குடிப்பேன். ஆனால் மெல்போர்னில் படிக்கப் போன இடத்தில் பகுதிநேர வேலைக்கு ஒரு காபிக் கடையில் சேர்ந்தபோது இந்த அறிவோடுதான் போய் நின்றேன்.

முதல் வாரம். காலை ஆறே முக்கால் இருக்கும். ஒரு இத்தாலியப் பாட்டி வந்து ‘ஷார்ட் மாக்’ கேட்டார், அதாவது சின்ன மாக்கியாட்டோ. நான் ஷாட் (ஒரு தரம் இறக்கும் எஸ்பிரஸ்ஸோ) எடுத்தேன், பாலை ஆவியில் நுரைத்தேன், கப் தளும்பத் தளும்ப ஊற்றி, பெருமையாக நீட்டினேன். அவர் வாயில்கூட வைக்கவில்லை. கப்பை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டு, சாஸரில் இருந்த டீஸ்பூனை எடுத்து, அதன் நுனியை விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான் பால் என்று அர்த்தம். பக்கத்து மெஷினில் நின்ற சீனியர், யாழ்ப்பாணத்து அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “தம்பி, முதல்ல கிளாஸை எடும். பிறகு கோப்பியைப் பற்றிக் கதைப்பம்.”

இப்போது திருச்சியில் வீட்டு மேடையில் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது, நானும் அதே வரிசையில்தான் போகிறேன். கிளாஸ், ஷாட், பால்.

ஏன் கிளாஸ் முதலில்? இந்தச் சின்ன வகைகள் பெரும்பாலானவற்றில் உள்ளே போவது இரண்டே பொருள்தான், எஸ்பிரஸ்ஸோவும் பாலும். பெயர் மாறுவது எவ்வளவு பால், எவ்வளவு நுரை என்பதைப் பொறுத்து. அதை முடிவு செய்வது உங்கள் கை அல்ல, கிளாஸ்தான், ஏனென்றால் இடம் இருந்தால் ஊற்றிக்கொண்டே போவது மனித இயல்பு. பெயர்களையே பாருங்கள். இத்தாலியில் டூரின் நகரத்துப் பிச்செரின் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் ‘சின்ன கிளாஸ்’ என்றுதான் பொருள். ட்ரியெஸ்டே துறைமுகத்தில் ‘காப்போ இன் பி’ என்று கேட்பார்கள், அந்த ‘பி’ கண்ணாடி கிளாஸுக்கான இத்தாலியச் சொல்லின் முதல் எழுத்து. சான் ஃபிரான்சிஸ்கோவில் ப்ளூ பாட்டில் கடைக்காரர்கள் 2005 வாக்கில் லிபி கம்பெனியின் ஜிப்ரால்டர் என்ற கனத்த கிளாஸில் போட்டுக் குடித்த காபிக்கு ஜிப்ரால்டர் என்றே பெயர் நின்றுவிட்டது. காபிக்குப் பெயர் வைக்கச் சொன்னால் பாத்திரத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே மெஷினை ஆன் செய்துவிட்டு (சூடேற எப்படியும் இருபது நிமிஷமாவது விடுங்கள்) அலமாரியில் இருக்கும் சின்ன கிளாஸ்களையெல்லாம் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றையும் டிஜிட்டல் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புக்கு அரை விரல்கடை கீழே வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி பிடிக்கும். இனி வரும் பெயர்கள் ஒவ்வொன்றும் என்ன என்று பின்னால் சொல்கிறேன். 60லிருந்து 80 வரை பிடித்தால் மாக்கியாட்டோ. 90லிருந்து 110 வரை என்றால் கோர்ட்டாடோ, பிக்கோலோ. 130 பக்கம் என்றால் ஜிப்ரால்டர், ஒரிஜினல் கிளாஸே ஏறத்தாழ 133 மில்லிதான். 150ஐத் தாண்டினால் அதை மேலே வைத்துவிடுங்கள், அது வேறு கணக்கு. நம்ம ஃபில்டர் காபி டம்ளரை எடுக்காதீர்கள். பெரும்பாலும் அளவிலேயே பெரிசு, அதோடு ஸ்டீல் சூட்டை உதட்டுக்குக் கடத்திவிடும், டபராவில் ஆற்றிக் குடிக்கிற காபிக்கு அது சரி, ஆற்றாமல் நாலு வாயில் முடிகிற காபிக்குச் சரிவராது. வீட்டில் பாயசத்துக்கு வைத்திருக்கும் சின்ன கண்ணாடி கிளாஸ் இருந்தால் அதுவே போதும், அடி கனமாக இருந்தால் இன்னும் நல்லது.

சரி, ஷாட்.

எஸ்பிரஸ்ஸோ என்பது கொட்டையின் பெயரும் இல்லை, வறுக்கும் விதமும் இல்லை, இறக்கும் முறை. மிக நைசாக அரைத்த தூளை இறுக்கி அமுக்கி, அதன் ஊடாக 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேலான சூட்டில் தண்ணீரை ஒன்பது பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தம் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு, அழுத்தத்தில் தள்ளினால் அரை நிமிஷத்துக்குள் கீழே சொட்டுவது. நம்ம ஃபில்டரில் அழுத்துவது யாருமில்லை, தண்ணீர் தன் எடையிலேயே அரைமணி நேரம் இறங்குகிறது. டிகாக்‌ஷன் திக்காக இருந்தாலும் அது வேறு சாதி. இந்த ஒன்பது பார் ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1884ல் டூரினில் ஆஞ்செலோ மோரியோண்டோ ஆவி மெஷினுக்குப் பேடன்ட் வாங்கினார், 1901ல் மிலானில் லூயிஜி பெஸ்ஸெரா அதை ஒவ்வொரு கப்பாகப் போடும்படி மாற்றினார், ஆனால் அதெல்லாம் ஆவியின் அழுத்தம், ஒன்றரை பார்கூடத் தாண்டியிருக்காது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அக்கீல்லே காஜ்ஜியா ஸ்பிரிங் வைத்த நெம்புகோலை இழுத்து இறக்கும் மெஷினைக் கொண்டுவந்தார், அதில்தான் முதல்முதலாகக் காபியின் மேலே தேன் நிறத்தில் ஒரு படலம் படிந்தது. ஜனங்கள் இதென்ன அழுக்கு என்று பார்த்திருக்கிறார்கள். அவர் அதற்கு ‘காபியின் கிரீம்’ என்று பெயர் கொடுத்துச் சமாளித்தார். இன்று நாம் கிரீமா என்று தேடித் தேடிப் பார்ப்பது அதைத்தான். 1961ல் ஃபேமா கம்பெனியின் ஈ61 என்ற மெஷின் பம்ப்பைக் கொண்டுவந்து கைவலியை ஒழித்தது.

அளவு. இத்தாலியில் எஸ்பிரஸ்ஸோவுக்கென்றே இருக்கும் நிறுவனம் சொல்லும் கணக்கு, ஒரு கப்புக்கு 7 கிராம் தூள், 25 விநாடி, 25 மில்லி. மனப்பாடம் செய்ய வசதியான எண்கள். மெல்போர்ன் மாதிரி ஊர்களில் இப்போது சிங்கிள் பாஸ்கெட்டை (ஒரு கப்புக்கான தூள் போடும் சின்ன உலோகக் கூடை) தொடுவதே இல்லை, 18 கிராம் தூளைப் போட்டு 36 கிராம் காபி எடுப்பார்கள், 25லிருந்து 30 விநாடிக்குள், அதைப் பீய்ச்சும் முனையிலேயே இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். நீங்களும் டபுள் பாஸ்கெட்டிலேயே பழகுங்கள், சிங்கிள் பாஸ்கெட் கூம்பு மாதிரி குறுகலாக இருக்கும், அதில் சரியாக அமுக்குவது தேர்ந்த கைக்கே சிரமம்.

போர்ட்டாஃபில்டரை, அந்தக் கூடை உட்காரும் கைப்பிடியை, மெஷினில் இருந்து கழற்றித் துணியால் துடையுங்கள், ஈரம் இருந்தால் தண்ணீர் ஓரமாக வழி கண்டுபிடித்துவிடும். தராசில் வைத்து 18 கிராம் போடுங்கள். கட்டி கட்டியாக விழுந்திருந்தால் ஒரு மெல்லிய ஊசியால், கோலப்பொடியைப் பரப்புகிற மாதிரி, கீழ்வரை கிளறிச் சமப்படுத்துங்கள். அப்புறம் டாம்பர், தூளை அமுக்கும் கட்டை. எத்தனை கிலோ அழுத்த வேண்டும் என்று சண்டை போடுவார்கள், எனக்குத் தெரிந்தவரை நேராக அமுக்குவதுதான் முக்கியம், தூள் இனிமேல் இறங்காது என்ற இடத்தில் நின்றால் போதும். சாய்வாக அமுக்கினால் மெல்லிய பக்கமாகத் தண்ணீர் ஓடிவிடும், ஒரே கப்பில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும்.

மாட்டி, கிளாஸைத் தராசோடு கீழே வைத்து, சுவிட்சையும் டைமரையும் ஒன்றாகத் தட்டுங்கள். ஆறேழு விநாடிக்கு ஒன்றும் வராது, பயப்பட வேண்டாம். பிறகு கருஞ்சிவப்பில் துளித்துளியாக, வெல்லப்பாகு மாதிரி சோம்பலாக வரும், அப்புறம் துளிகள் சேர்ந்து ஒரு மெல்லிய இழையாகும். இத்தாலிக்காரர்கள் அதை எலிவால் என்பார்கள், பார்த்தால் நிஜமாகவே எலிவால்தான், மேலே தடித்து நுனியில் லேசாக வளைந்து ஆடும். நேரம் ஆக ஆக நிறம் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். தராசு 34 காட்டும்போதே நிறுத்துங்கள், மிச்ச இரண்டு கிராம் தானாகச் சொட்டும்.

பதினைந்து விநாடியிலேயே 36 வந்துவிட்டதா? புளிக்கும், உப்புக் கரிக்கிற மாதிரிகூட இருக்கும். இன்னும் நைசாக அரையுங்கள். நாற்பது விநாடி ஆகியும் சொட்டிக்கொண்டே இருக்கிறதா? நாக்கை இழுத்துப் பிடிக்கும் கசப்பு. கொஞ்சம் கரகரப்பாக அரையுங்கள். தூளின் அளவை மாற்றாதீர்கள், அமுக்குவதை மாற்றாதீர்கள், கிரைண்டரை மட்டும் ஒரு பல் திருப்புங்கள், ஒரு நேரத்தில் ஒன்று. புதுக் கொட்டை வாங்கும்போதெல்லாம் முதல் இரண்டு ஷாட் பலிதான், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பட்ஜெட் குறைவென்றால் மெஷினில் கஞ்சத்தனம் காட்டலாம், கிரைண்டரில் காட்டக் கூடாது. மிக்ஸியில் அரைத்துப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள், பார்த்துவிட்டேன்.

36 கிராமுக்குப் பதிலாக இருபது, இருபத்தைந்திலேயே நிறுத்தினால் ரிஸ்ட்ரெட்டோ, ‘சுருக்கியது’. தடிப்பாக, இனிப்புப் பக்கமாக இருக்கும், பிக்கோலோவுக்கு இதுதான் வேண்டும். 50ஐத் தாண்டவிட்டால் லுங்கோ, ‘நீட்டியது’. எனக்குப் பிடிக்காது.

கொட்டை பற்றி ஒரு வார்த்தை. இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலிதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நம்ம பக்கத்து ரோபஸ்டா, கழுவிப் பதப்படுத்தியது, அங்கே எஸ்பிரஸ்ஸோ கலவைக்குள் போகிறது, கிரீமாவும் வாயில் ஒரு கனமும் கொடுப்பதற்காக. மழைக்காலக் கடற்காற்றில் ஊறவிட்ட மலபார் கொட்டையும் அப்படித்தான். அதனால் வெளிநாட்டுப் பாக்கெட்டுக்கு ஓட வேண்டாம். கடையில் அராபிக்காவில் பிளான்டேஷன் ஏ அல்லது பீபெரி எழுபது பங்கு, ரோபஸ்டா முப்பது பங்கு என்று கேளுங்கள், வறுத்து ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் இருக்கட்டும், கொட்டையாகவே வாங்குங்கள். வறுத்த அன்றே போட்டால் உள்ளே இருக்கும் வாயு கொப்பளித்துக் கிரீமா நுரைத்து அடங்கிவிடும், இரண்டு மாதம் கழித்துப் போட்டால் கிரீமாவே இருக்காது. சிக்கரி வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள், கடைக்காரர் பழக்கத்தில் கலந்துவிடுவார். ஒருமுறை வீட்டில் இருந்த ஃபில்டர் தூளை, இருபது சதவீதம் சிக்கரி இருக்கும், பாஸ்கெட்டில் போட்டுவிட்டேன். மெஷின் ஒரு நிமிஷம் முனகியது, கீழே நாலு சொட்டு விழுந்தது. சிக்கரி தண்ணீரைக் குடித்து உப்பி வழியை அடைத்துவிட்டது. கழற்றும்போது சேறு என் சட்டையில்.

இனி பால், இங்கேதான் நம்ம கைப்பழக்கம் எல்லாம் நமக்கு எதிராக வேலை செய்யும். நமக்குப் பால் என்றால் பொங்கக் காய்ச்சியது, நுரை என்றால் தூக்கி ஆற்றியது. இங்கே இரண்டும் ஆகாது. காய்ச்சிய பாலில் புரதம் முன்பே சூட்டில் மாறியிருக்கும், நுரை பிடிமானமாக நிற்காது, காய்ச்சிய வாடை வேறு. பாக்கெட் பால் ஏற்கனவே பதப்படுத்தியதுதான், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த சில்லென்ற பாலையே நேராக ஊற்றுங்கள். ஆவினில் என்றால் ஆரஞ்சு பாக்கெட்டில் ஆறு சதவீதம் கொழுப்பு, சின்ன காபிக்குக் கொஞ்சம் கனம் அதிகமோ என்று எனக்குத் தோன்றும். பச்சை பாக்கெட் நாலரை, அதுதான் என் தேர்வு. நீலம் நன்றாக நுரைக்கும், ருசி தண்ணீர்.

சின்ன வகைகளில் பெரிய தலைவலி, வேண்டிய பால் 50 மில்லி, ஆனால் 100 மில்லிக்குக் கீழே ஆவியில் ஒழுங்காக நுரைக்க முடியாது, ஸ்டீம் வாண்டின், அதாவது ஆவி வரும் குழாயின், முனை முழுகவே இடம் போதாமல் எல்லாம் சிதறும். அதனால் தனியாகக் குடிக்காதீர்கள் என்பதுதான் என் யோசனை, ஒரு ஜக்கில் 120 மில்லி நுரைத்து இரண்டு கிளாஸுக்கு ஊற்றுங்கள், பாதி ஷாட் போதுமான வகை என்றால் 36 கிராம் ஷாட்டும் அப்போது இரண்டாகப் பிரியும், கணக்கு சுத்தமாக முடியும். 350 மில்லி ஜக் போதும், பெரிய ஜக் வாங்கினால் பால் அடியில் கிடக்கும்.

முதலில் வாண்டை ஒரு தரம் வெறுமனே திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரைப் போகவிடுங்கள். முனையைப் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, ஆவியை முழுசாகத் திறங்கள். அரைகுறையாகத் திறந்தால் கொப்புளம்தான் வரும். உடனே ஒரு சத்தம் வர வேண்டும். அக்கா சொன்னது: “சத்தத்தைக் கேளும். கடதாசி கிழியிற மாதிரிக் கேக்கோணும்.” காகிதத்தை நிதானமாகக் கிழிக்கிற அந்தச் சரசரப்புதான் பாலுக்குள் காற்று போகிற சத்தம். கீச்சென்று வீறிட்டால் முனை ரொம்ப ஆழத்தில் இருக்கிறது, பளக் பளக்கென்றால் ரொம்ப மேலே. கப்புச்சினோவுக்கு இந்தச் சரசரப்பு நாலைந்து விநாடி, நம்ம சின்ன கிளாஸ்களுக்கு இரண்டு விநாடி போதும். பிறகு ஜக்கை ஒரு மயிரிழை உயர்த்தி முனையை உள்ளே அமுக்குங்கள், சத்தம் அடங்கி, பால் சுழலத் தொடங்கும், அந்தச் சுழலில்தான் கொப்புளமெல்லாம் உடைந்து பொடியாகிக் கலக்கிறது. உள்ளங்கையை ஜக்கின் பக்கவாட்டில் வைத்திருங்கள். இதமாக இருப்பது சூடாகி, ‘ஐயோ’ என்று கையை எடுக்கத் தோன்றும் இடம் ஏறத்தாழ 55லிருந்து 60 டிகிரி. அங்கே நிறுத்துங்கள். நமக்கு இது ஆறிய காபி மாதிரித் தோன்றும், தெரியும், என் அப்பா இன்னும் “என்னடா வெந்நீர் மாதிரி இருக்கு” என்றுதான் சொல்கிறார், ஆனால் 70ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு போய் வெந்த வாடை வந்துவிடும், சர்க்கரை போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும்.

வாண்டை ஈரத்துணியால் உடனே துடைத்து, மறுபடி ஒரு தரம் ஆவியைத் திறந்து மூடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பால் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஜக்கை மேடையில் இரண்டு தட்டு, பிறகு சுழற்றிக்கொண்டே இருங்கள். ஈர பெயின்ட் மாதிரிப் பளபளத்தால் பால் சரி. வழுவழுப்புக்கு மேலே தனியாக நுரை மிதந்தால் அடுத்த தரம் சரசரப்பைக் குறையுங்கள்.

இப்போது ஒவ்வொன்றாக.

மாக்கியாட்டோ என்றால் ‘கறை பட்டது’. வெள்ளைத் துணியில் காபிக் கறை இல்லை, காபியில் பால் கறை. 60 மில்லி கப்பில் ஒரு ஷாட், 18லிருந்து 25 கிராம் வரை, அதன் நடுவில் டீஸ்பூனால் ஒன்றிரண்டு ஸ்பூன் நுரைப்பால். அவ்வளவே. கலக்காதீர்கள், முதல் வாய் நுரை, இரண்டாவது வாய் காபி, மூன்றாவதில் முடிந்துவிடும். இதையே பிரான்ஸில் நுவாஸெத் என்பார்கள், ஹேஸல்நட் நிறம் என்பதால், அந்தக் கொட்டையைத் தேடி ஏமாற வேண்டாம். ஆஸ்திரேலியாவிலேயே மேற்குக் கரையில் பெர்த்துக்குப் போனால் ‘லாங் மாக் டாப்ட் அப்’ என்று கேட்பார்கள், இரண்டு ஷாட் போட்டு கிளாஸ் நிறையப் பால் ஊற்றச் சொல்வது. நான் முதல் வாரம் செய்த தப்பு அங்கே மெனுவில் இருக்கிறது.

கோர்ட்டாடோதான் என் கட்சி. ஸ்பானிய மொழியில் ‘வெட்டியது’. காபியின் கசப்பைப் பாலால் வெட்டுவது. காட்டலான் பேசும் பார்சிலோனாவில் தல்லாத் என்பார்கள், பொருள் அதேதான். அங்கே இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, ஸ்பெயினில் டொரெஃபாக்டோ என்று ஒரு வறுவல், கொட்டையைச் சர்க்கரையோடு சேர்த்து வறுப்பார்கள், சர்க்கரை கருகிக் கொட்டையின் மேல் கறுப்பாகப் பூசிக்கொள்ளும், குடித்தால் நல்ல கசப்பு. நமக்குச் சிக்கரி நாக்கில் ஏறியது போல அவர்களுக்கு இது ஏறிவிட்டது. அந்தக் கசப்புக்கு ஈடுகொடுக்கத்தான் சரிபாதி பால். 90 மில்லி கிளாஸில் 36 கிராம் ஷாட் முழுசும் போட்டு அதே அளவோ, பத்து மில்லி கூடவோ பால். நுரை அரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஸ்பெயினில் பல கடைகளில் நுரையே இருக்காது, வெறும் சூட்டுப்பால்தான். ஊற்றும்போது ஜக்கை உயர்த்தி, மெல்லிய தாரையாகக் கிளாஸின் நடுவில் ஊற்றுங்கள், பால் கிரீமாவைக் கிழிக்காமல் அடியில் போய்க் கலக்கும், நிறம் கீழிருந்து மேலாகச் செங்கல் நிறமாக மாறிக்கொண்டே வருவதைக் கிளாஸின் பக்கவாட்டில் பார்க்கலாம். கடைசி இரண்டு விநாடி ஜக்கைத் தாழ்த்தி மூக்கைக் காபியை ஒட்டி வைத்தால் வெள்ளை மேலே வரும். இதயமா இலையா என்று மெனக்கெட வேண்டாம், அந்தச் சின்ன வட்டத்தில் ஒரு பொட்டு வந்தால் போதும். காபி எவ்வளவோ பால் அவ்வளவு என்பதால் இதில் ஷாட்டின் குறையை மறைக்க முடியாது, கோர்ட்டாடோ நன்றாக வந்தால் உங்கள் ஷாட் நன்றாக இருக்கிறது. ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும், பேப்பர் படித்துக்கொண்டே குடிக்கிற காபி இல்லை.

ஜிப்ரால்டர், மேலே சொன்ன 133 மில்லி கிளாஸில் அதே டபுள் ஷாட், மிச்ச இடத்துக்கு நுரைப்பால். பால் கொஞ்சம் கூடிய கோர்ட்டாடோ என்று வைத்துக்கொள்ளலாம்.

பிக்கோலோவில் கணக்கு திரும்பும். 90லிருந்து 100 மில்லி கிளாஸ், உள்ளே இருபது கிராம் அளவுக்கு ரிஸ்ட்ரெட்டோ, மிச்சம் முழுக்கப் பால். பார்க்கக் கோர்ட்டாடோ மாதிரியே இருக்கும், குடித்தால் பாலின் இனிப்புதான் முன்னால் வரும். ஃபில்டர் காபியில் வளர்ந்தவர்களுக்கு முதலில் இதைக் கொடுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். மெல்போர்னில் மேஜிக் என்று ஒன்று உண்டு, டபுள் ரிஸ்ட்ரெட்டோவை 160 மில்லி அளவுள்ள கப்பில் போட்டு முக்கால் கப் வரை மட்டும் பால். அந்த ஊரைத் தாண்டினால் பல பேருக்குத் தெரியாது, கேட்டால் ஜோக் அடிக்கிறோம் என்று நினைப்பார்கள். கப்பை நிரப்பாமல் நிறுத்துவதுதான் அதன் ரகசியமெல்லாம்.

இனிப்பு வேண்டுமா? ஸ்பெயினில் வாலென்சியா பக்கத்து பொம்போன். கண்டென்ஸ்டு மில்க் 25 கிராம் கிளாஸின் அடியில், அதன்மேல் ஒரு ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகின் வழியாக அதே அளவு எஸ்பிரஸ்ஸோவை மெதுவாக ஊற்றினால் கீழே வெள்ளை, மேலே கறுப்பு, கோடு போட்ட மாதிரி நிற்கும். போட்டோ எடுத்துவிட்டு நன்றாகக் கலக்கிக் குடியுங்கள், கலக்காமல் குடித்தால் முதலில் கசப்பு, கடைசியில் பால்கோவா. பிச்செரினுக்குக் கெட்டியான ஹாட் சாக்லேட், அதன்மேல் எஸ்பிரஸ்ஸோ, அதன்மேல் லேசாக அடித்த கிரீம், மூன்றும் அடுக்காக; இதுவும் ஸ்பூனின் முதுகுதான். கோன் பன்னா என்றால் எஸ்பிரஸ்ஸோவின் தலையில் அடித்த கிரீம் ஒரு கரண்டி. அஃபோகாட்டோ ‘மூழ்கியது’, வெனிலா ஐஸ்கிரீம் ஒரு உருண்டை மேல் ஒரு ஷாட், இதற்குச் செய்முறை எழுதினால் அடிப்பீர்கள்.

ஆனால் ஏப்ரல், மே மாதத்துத் திருச்சி வெயிலில் இதில் எதையுமே வாயில் வைக்க முடியாது. அப்போது ஷேக்கராட்டோ. டபுள் ஷாட் சூடாக இருக்கும்போதே இரண்டு டீஸ்பூன் சர்க்கரை கரைத்து, மூடி இறுக்கமான பாட்டிலில் ஆறேழு பெரிய ஐஸ் கட்டியோடு ஊற்றி, கை மரத்துப்போகும் வரை ஆட்டுங்கள், பதினைந்து இருபது விநாடி. மூடியைத் துணி போட்டுப் பிடியுங்கள், சூட்டுக்கு உள்ளே காற்று விரிந்து மூடி பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும், ஒருமுறை எங்கள் சமையலறைக் காலண்டரில் முருகன் காபி குடித்தார். வடிகட்டி சின்ன கிளாஸில் ஊற்றினால் ஐஸ் இல்லாமல் கறுப்புக் காபி கீழேயும் ஒரு விரல் உயரத்துக்குப் பழுப்பு நுரை மேலேயும் பிரியும். பால் கிடையாது.

மெஷின் இல்லாதவர்களுக்கும் ஒன்று இருக்கிறது, அது கியூபாக்காரர்களின் கோர்ட்டாடிட்டோ. இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி 1933ல் கொண்டுவந்த மோக்கா பாட் போதும். அதில் வருவது ஒன்றரை பார் அழுத்தம்தான், சட்டப்படி எஸ்பிரஸ்ஸோ இல்லை, இருந்தாலும் கியூபாவிலும் மியாமியிலும் வீடுகளில் இதில்தான் போடுகிறார்கள். மூன்று கப் பாட்டில் வால்வுக்குக் கீழே வரை வெந்நீர், கூடை நிறையத் தூள், அமுக்காமல். இந்தத் தூள் எஸ்பிரஸ்ஸோவை விடக் கரகரப்பாக இருக்க வேண்டும், சிக்கரி இல்லாத ஃபில்டர் தூளே சரியாக இருக்கும். சிறு தீ. ஒரு டம்ளரில் ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரையைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் வெளிவரும் காபிதான் திக்காக இருக்கும், அதில் ஒரு டீஸ்பூனுக்கு மேல் போகாமல் சர்க்கரையில் விட்டு ஸ்பூனால் வேகமாக அடியுங்கள். முதலில் ஈரமணல் மாதிரி இருக்கும், விடாமல் இரண்டு நிமிஷம் அடித்தால் வெளுத்து இட்லி மாவுப் பதத்துக்கு வரும், அதுதான் எஸ்புமித்தா. ஒரு சொட்டுக் கூடுதலாக விட்டாலும் பாகாகிவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் தேறாது, சர்க்கரை சேர்த்துப் பார்த்தேன், பலிக்கவில்லை. மோக்கா பாட் குறுகுறுவென்று இருமத் தொடங்கியதும் அடுப்பை அணைத்து, மிச்சக் காபியை அந்த நுரையில் ஊற்றி ஒரு கலக்கு, சின்ன கிளாஸ்களில் பாதிப் பாதி, மேலே அதே அளவு சூடான பால். மூன்று பேருக்கு வரும்.

அந்த மோக்கா பாட்டை மட்டும் சோப்புப் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், அலுமினியம் கறுத்துவிடும். வெந்நீரில் கழுவி, கழற்றியபடியே காயவையுங்கள்.